மைனஸ் 90 மீற்றரில் ஓர் ஓடுபாதை

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று, எந்தத் திருத்தமும் செய்யப்படாத ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 90 மீற்றருக்கும் கீழே ஓர் எண் தெரியும். சில கைபேசிச் செயலிகள் இன்றும் அப்படித்தான் காட்டுகின்றன. முப்பது மாடி உயரத்துக்குக் கடலுக்கடியில் நிற்கிறோம் என்கிறது கருவி. நாமோ வெயிலில் நின்று வறுத்த கச்சான் கொறித்துக்கொண்டிருக்கிறோம். பார்த்தவர்கள் வழக்கமாகச் சிரிப்பார்கள். கடந்த விடுமுறையில் வந்திருந்த என் அக்காவின் மகன் சிரிக்கவில்லை. அவன் வெளிநாட்டு நிறுவனமொன்றில் ஏ.டி.ஆர். விமானம் ஓட்டுகிறவன்.

"மாமா, நான் ஒரு நாள் இங்கே சீனன்குடா விமான நிலையத்தில் செயற்கைக்கோளை நம்பி இறங்க வேண்டி வந்தால், என் கணினிக்குள் ஓடுபாதையின் உயரம் இந்த எண்ணாகத்தான் இருக்கும்" என்றான்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். உயரம் என்ற பேச்சு வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்று தொடங்கிய உரையாடல் அவன் திரும்பிப் போன பிறகும் தொலைபேசியில் தொடர்ந்தது. இந்தக் கட்டுரையில் விமானத்தைப் பற்றி நான் எழுதுவதில் பாதி அவன் சொன்னது; பூமியைப் பற்றியது என் தொழில்.

ஜி.பி.எஸ். கருவிக்குக் கடலைத் தெரியாது. டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற வழுவழுப்பான கணித முட்டை ஒன்றைப் பூமியாக எண்ணிக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்தே அது உயரத்தை அளக்கிறது. கடல்நீர் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஈர்ப்பு விசை எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பரந்த பகுதி ஒன்று உண்டு. அங்கே கடல் மேற்பரப்பு அந்தக் கணித முட்டையிலிருந்து 106 மீற்றர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகில் இதைவிட ஆழமான தாழ்வு வேறெங்கும் இல்லை. இதன் காரணம் பூமியின் உள்ளே வெகு ஆழத்தில், பழைய டெத்திஸ் கடல் தளத்தின் எச்சங்களோடும் ஆப்பிரிக்காப் பக்கமிருந்து எழும் சூடான பாறைக் குழம்போடும் தொடர்புடையது என்று பெங்களூரின் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் விளக்கம் தந்தார்கள். கப்பலில் போகிறவருக்கு இந்தப் பள்ளம் தெரியாது. தண்ணீருக்கு எது மட்டமோ அதுதான் அவருக்கும் மட்டம். நமது தீவு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கடல் மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்த சீனன்குடா ஓடுபாதை, செயற்கைக்கோளின் கண்ணுக்கு 90 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. இதை ஒரு வேடிக்கையாக விட்டுவிடலாம். ஆனால் செயற்கைக்கோளைக் கொண்டு விமானத்தை இறக்குகிற முறையில் ஓடுபாதை முனையின் இடமும் உயரமும் சிறிய தரவுத் தொகுப்பொன்றில் எழுதி விமானக் கணினிக்குள் வைக்கப்படுகின்றன. அதில் எழுதப்படும் உயரம் அந்தக் கணித முட்டையிலிருந்து அளந்த உயரம். ஒரு கழித்தல் குறியை யாராவது மறந்துவிட்டால் ஓடுபாதை வானத்தில் மிதக்கும். அப்படி நேராமல் இருக்கத்தான், தொகுப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முழுவதையும் கணினி நிராகரிக்கும்படி சரிபார்ப்பு எண் ஒன்றையும் சேர்த்து வைக்கிறார்கள். அந்த எண் காப்பது வழியில் நேரும் மாற்றங்களிலிருந்து மட்டுமே. முதலில் அளந்தவனே தவறாக அளந்திருந்தால் அது ஒன்றும் செய்யாது. அதனால் இந்த விடயத்தில் எனக்கு விமானியைவிட அளவையாளன் மேல்தான் கரிசனம் அதிகம்.

கிடையான இடத்திலும் இதே கதைதான். எங்கள் பழைய வரைபடங்கள் கந்தவளை என்ற அளவைப் புள்ளியை அடிப்படையாகக் கொண்டு, எவரெஸ்ட் 1830 என்ற வேறொரு முட்டையின் மேல் வரையப்பட்டவை. அந்தக் கணக்கின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றாமல் அப்படியே ஜி.பி.எஸ். கருவிக்குள் இட்டால் சுமார் 200 மீற்றர் தள்ளிப் போய் நிற்பீர்கள். காணி உறுதியில் அது வழக்கு. ஓடுபாதையில் அது வேறு விடயம். உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் டபிள்யூ.ஜி.எஸ்.-84க்கு மாற வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1998 ஜனவரி 1ஐக் குறித்தது இதனால்தான்.

விமானம் தன் உயரத்தை இதுவரை எப்படி அறிந்து வந்தது? காற்றழுத்தத்தால். தரையில் அன்று நிலவும் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அதிகாரி வானொலியில் சொல்கிறார்; விமானி அதை உயரமானியில் திருகி வைக்கிறார். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறக்குறைய 28 அடி பிசகும். 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1011 என்று சொல்லப்பட்டது. மழை, தாழ்ந்த மேகம். அந்த ஓடுபாதையின் ஐ.எல்.எஸ்., அதாவது தரையிலிருந்து வானொலி அலையால் இறங்குபாதையைக் காட்டும் கருவி, அன்று இயங்கவில்லை. காற்றழுத்த உயரத்தை வைத்து இறங்குபாதையைக் கணிக்கும் முறையில் ஓர் ஏ320 வந்தது. கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டின. உண்மையில் அது இருக்க வேண்டிய உயரத்துக்கு 280 அடி கீழே வந்துகொண்டிருந்தது. ஓடுபாதைக்கு ஒரு மைல் இருக்கும்போதே தரையிலிருந்து 6 அடி வரை இறங்கி, பிறகு மேலெழுந்து தப்பியது. 6 அடி என்பது என் மருமகனின் உயரம்.

அந்த விமானம் செயற்கைக்கோளைத்தான் பின்பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இடம் வலமாக அதைச் சரியான கோட்டில் வைத்தது செயற்கைக்கோள். மேல் கீழாக வைத்தது காற்றழுத்தம். மேல் கீழையும் செயற்கைக்கோளே தருகிற முறைக்கு எல்.பி.வி. என்று பெயர். அதற்கு வெறும் ஜி.பி.எஸ். போதாது, தரையிலிருந்து துணை வேண்டும். எல்.பி.வி.யில் யார் எந்த அழுத்தத்தைச் சொன்னாலும் இறங்குபாதை அசையாது. "ஆனால் மாமா, மேலும் இறங்குவதா திரும்ப எழுவதா என்று முடிவெடுக்கும் உயரத்தை அப்போதும் காற்றழுத்த உயரமானியில்தான் பார்க்கிறோம், அதனால் ஆபத்து முழுதாக ஒழிந்தது என்று எழுதிவிடாதீர்கள்" என்று அவன் எச்சரித்தான். எழுதவில்லை.

இலங்கையில் இந்தப் பேச்சு வெறும் தொழில்நுட்பப் பேச்சு அல்ல. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த டி.சி.-8 விமானம் கட்டுநாயக்கவுக்கு இறங்குவதற்கு முன்னரே நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 15 அன்று, மீண்டும் யாத்திரிகர்களோடு வந்த இன்னொரு டி.சி.-8 கட்டுநாயக்கவில் ஐ.எல்.எஸ். வழியாக இறங்கும்போதே தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் போனார்கள். முதல் விபத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைப்பது நியாயமில்லை. தரையில் நல்ல கருவி இருந்த இடத்திலும் அந்த இறக்கம் பிழைத்தது.

ஐ.எல்.எஸ். பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓடுபாதையின் கடைசி முனைக்கு அப்பால் ஓர் அலைவாங்கி வரிசை, பக்கவாட்டில் ஒரு கம்பம். இரண்டும் சேர்ந்து காற்றில் 3 பாகைச் சரிவில் ஒரு கோட்டை வரைகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த நல்ல கருவி. ஆனால் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும். சரிவைக் காட்டும் கம்பம் தன் முன்னாலுள்ள நிலத்தைக் கண்ணாடியாகப் பயன்படுத்துவதால் அந்த நிலம் சீராக மட்டமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் தம்பலகாமக் குடாவும் மறுபக்கம் உட்துறைமுகமும் நெருக்கும் சீனன்குடா போன்ற இடத்தில் கண்ணாடிக்கு நிலம் தேடுவது எளிதல்ல. தினமும் ஓரிரு செஸ்னா கரவன் சிறு விமானங்கள் வந்துபோகும் களத்துக்கு அத்தனை செலவையும் பராமரிப்பையும் யாரும் நியாயப்படுத்தவும் முடியாது.

செயற்கைக்கோள் முறையின் கவர்ச்சி இங்கேதான். ஓடுபாதையில் ஒரு கம்பிகூட நட வேண்டியதில்லை. அதன் அடிப்படை, நாங்கள் காணி அளக்கையில் செய்ததேதான். இடம் துல்லியமாகத் தெரிந்த கல் ஒன்றின் மேல் ஒரு கருவியை அசையாமல் வைப்போம். செயற்கைக்கோள்கள் அதற்கு வேறோர் இடத்தைச் சொல்லும். கல் நகராது என்பதால் அந்த வித்தியாசம் முழுவதும் செயற்கைக்கோள்களின் பிழை. அந்தப் பிழையை வயலில் நடக்கும் இன்னொரு கருவிக்கு வானொலியில் சொன்னால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அமெரிக்கர்கள் இதை ஒரு கண்டத்தின் அளவுக்கு விரித்து, திருத்தங்களைப் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பி, 2003 ஜூலையில் சேவைக்கு விட்டார்கள். ஐரோப்பியர்கள் 2011 மார்ச்சில் விமானங்களுக்குத் திறந்தார்கள்.

இந்தியாவின் முறைக்குப் பெயர் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தவை 15 உற்றுநோக்கும் நிலையங்கள். அவை கேட்பதைப் பெங்களூரில் உள்ள மையம் கணக்கிட்டு மேலே அனுப்ப, ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 ஆகியவை திரும்ப ஒலிபரப்புகின்றன. 2015இல் செங்குத்து வழிகாட்டலுக்கான சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் ஓர் ஏ.டி.ஆர். ககனைக் கொண்டு எல்.பி.வி. முறையில் இறங்கியது. கிஷன்கட் பெருநகரம் அல்ல, பளிங்குக் கல் வியாபாரத்துக்குப் பேர்போன சிறு நகரம். டெல்லிக்கோ மும்பைக்கோ இது தேவையில்லை என்பதை அந்த ஒரு தேர்வே காட்டிவிட்டது.

எங்கள் ஊருக்கு வருவோம். ககனின் 15 நிலையங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. திருவனந்தபுரமும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன; இரண்டுக்கும் இடையே சுமார் 470 கிலோமீற்றர். ஜிசாட்-10 நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில். நாங்கள் 81க்குச் சற்றுக் கிழக்கே. அதாவது திருத்தங்களைச் சொல்லும் செயற்கைக்கோள் எங்கள் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. மலையோ கட்டடமோ மறைக்க முடியாது. அமெரிக்க முறைக்காகச் செய்யப்பட்ட விமானக் கருவிகள் ககனின் மொழியையும் புரிந்துகொள்ளும்படி எல்லாம் ஒரே சர்வதேசத் தரத்தில் அமைந்தவை. பேச்சு எங்கள் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகென்ன தடை என்று நானும் கேட்டேன். மருமகன் சொன்ன பதில், திருத்தம் என்ற சொல்லை வைத்து நான் கட்டியிருந்த எண்ணத்தையே மாற்றியது. "மாமா, நீங்கள் துல்லியத்தைப் பார்க்கிறீர்கள். துல்லியம் எங்களுக்கு இரண்டாவது. தான் பிழைத்துவிட்டதை அது எத்தனை விநாடியில் ஒப்புக்கொள்ளும் என்பதுதான் முதல் கேள்வி."

வெறும் ஜி.பி.எஸ். பல நாட்களில் சில மீற்றர் துல்லியத்துடன் இருக்கும். தவறும் நாளில் அது வாயைத் திறக்காது. 2004 ஜனவரி 1 அன்று ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் தடம் மாறியது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்ரிமீற்றர் போகும் என்பதால் கடிகாரப் பிழை உடனே தூரப் பிழை ஆகிவிடும். அந்தச் செயற்கைக்கோளை நம்பாதீர்கள் என்று அறிவிப்பு வருவதற்கு ஏறத்தாழ 3 மணி நேரம் சென்றது. மழை மேகத்துக்குள் 600 அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானிக்கு 3 மணி நேரம் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை.

ககன் போன்ற துணை முறையில் ஒவ்வொரு திருத்தத்தோடும் ஓர் எல்லையும் வருகிறது. விமானக் கருவி அவற்றைக் கூட்டி, 'உண்மை இடம் நான் சொல்வதிலிருந்து இத்தனை மீற்றருக்கு மேல் விலகியிருக்காது' என்று தனக்கே ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. ககனுக்குச் சான்று வழங்கிய தரத்தில் அந்த வேலி மேல் கீழாக 50 மீற்றரையோ பக்கவாட்டில் 40 மீற்றரையோ தாண்டினால் எல்.பி.வி. என்ற எழுத்தே திரையிலிருந்து போய்விடும். ஏதேனும் தவறினால் 10 விநாடிக்குள் எச்சரிக்கை வர வேண்டும். 200 அடி வரை இறங்கும் தரத்தில் வேலி 35 மீற்றர், நேரம் 6 விநாடி. ஒரு கோடி இறக்கங்களில் இரண்டுக்கு மேல் விமானியை அறியாமல் ஏமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. உண்மையான பிழை பெரும்பாலும் ஒன்றிரண்டு மீற்றர்தான். ஆனாலும் கருவி தன்னைப் பற்றி அவ்வளவு ஐயத்தோடுதான் பேச வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இப்படி ஓர் அரசாங்க அலுவலகம் அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டு சேவைக்குப் பிறகு அப்படித் தோன்றுவதைத் தடுக்க முடியாது.

2003 ஒக்டோபர் கடைசியில் சூரியனில் பெரும் புயல்கள் எழுந்தபோது அமெரிக்க முறை தொடங்கி நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 29, 30ஆம் திகதிகளில் அது பல மணி நேரம் செங்குத்து வழிகாட்டலை நிறுத்தி வைத்தது. பத்திரிகைகளில் இதைத் தோல்வி என்று எழுதலாம். விமானிகளுக்கு அதைவிட நல்ல தேர்வுப் பெறுபேறு கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னது.

அந்தச் சூரியப் புயல் விடயம்தான் எங்களைத் தனியாகச் சோதிக்கிறது. தரைக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளி காற்றின் இலத்திரன்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். அலை அதைக் கடக்கும்போது தாமதமாகிறது. தாமதம் தூரப் பிழையாகிறது. ஐரோப்பாவில் இந்த அயனமண்டலம் பெரும்பாலும் சாதுவானது. பூமியின் காந்த மத்தியரேகையை ஒட்டிய நாடுகளில் அப்படி இல்லை. அந்த ரேகை தென்னிந்திய முனையையும் எங்கள் தீவையும் ஒட்டியே போகிறது. 1963 நவம்பரில் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தேடிப் பிடித்தது, அந்த ரேகையை ஒட்டி அயனமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயத்தான். ஆராய்ச்சியாளருக்கு வரம், இறங்கும் விமானத்துக்குத் தொல்லை. பகலில் தாமதம் 15 மீற்றரைத் தாண்டும் நாட்கள் உண்டு. சூரியன் மறைந்தபின் இன்னொரு கூத்து: இலத்திரன் குறைந்த பெருங்குமிழ்கள் கீழிருந்து மேலே எழும். அவற்றின் ஊடாக வரும் அலை நடுங்கி, கருவி சில வேளை செயற்கைக்கோளையே தவறவிடும். மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் இது அதிகம். சூரியன் உச்ச சீற்றத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம்.

துணை முறை இந்த மண்டலத்தை 350 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மெல்லிய கூடாகக் கற்பனை செய்து, 5 பாகைக்கு ஒரு புள்ளியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் தாமதத்தைச் சொல்கிறது. திருகோணமலை விழும் கட்டத்தின் நான்கு மூலைகள் வட அட்சம் 5, 10. கிழக்குத் தீர்க்கம் 80, 85. வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தென்கிழக்கு மூலை நடுக்கடலின் மேல் நிற்கிறது. அதை இந்திய மண்ணிலிருந்து சாய்வாகத்தான் பார்க்க முடியும், திருவனந்தபுரத்திலிருந்தும் அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்தும். சாய்வாகப் பார்த்துச் சொல்லும் எண்ணுக்கு வேலி அகலும். வேலி 50ஐத் தாண்டும் நேரங்களும் கூடும். இலங்கையில், அதிலும் கிழக்குக் கரையில், ஒரு நிலையம் அமைந்தால் அந்த மூலை நேராகத் தெரியும். நில அளவையாளனாக எனக்கு இது மிக எளிய கேள்வியாகத் தெரிகிறது: ஒரு கல், ஒரு கருவி, ஒரு கம்பி இணைப்பு. நாடுகளுக்கிடையே அது எளிதல்ல என்பதையும் அறிவேன். எங்கள் ஊரில் எண்ணெய்த் தாங்கியைத் தொட்டாலே மூன்று நாடுகள் திரும்பிப் பார்க்கும். ஆனால் ஒட்டுக்கேட்பதற்கு இங்கே எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக விழும் அலையைக் கேட்டு, அது எவ்வளவு பிழைத்தது என்று சொல்லும் கம்பம் அது. கூடவே, எங்கள் வானில் எந்த முறையை எவ்வளவு தாழ்வு வரை நம்பலாம் என்று அனுமதிப்பது இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பொறுப்பு. அலை வந்து விழுவதால் மட்டும் அனுமதி வந்துவிடாது.

விமான நிலையத்திலேயே உற்றுநோக்கும் கருவிகளை வைத்து, திருத்தத்தை அங்கேயே வி.எச்.எப். அலையில் ஒலிபரப்பும் இன்னொரு முறை உண்டு: ஜி.பி.ஏ.எஸ். ஒரே நிலையம் எல்லா ஓடுபாதை முனைகளுக்கும் போதும். பிரேமன், நியூவார்க், பிராங்பர்ட், சிட்னி ஆகிய இடங்களில் பயனுக்கு வந்தது. காந்த மத்தியரேகைப் பக்கம் அதற்கும் சோதனைதான். ரியோ டி ஜெனீரோவில் நிறுவிய நிலையம் இதே அயனமண்டலத்தால் நெடுங்காலம் சேவைக்கு வர முடியாமல் கிடந்தது. எங்கள் போக்குவரத்துக்கு அது மிகை. நிரந்தரத் தீர்வு இரண்டு அலைவரிசைகளில் கேட்பது: தாமதம் அலைவரிசைக்கேற்ப மாறுவதால் இரண்டையும் ஒப்பிட்டால் கருவி தானே அதைக் கழித்துவிடும். அப்போது கட்டமும் வேண்டாம், கடல் மூலையும் வேண்டாம். தரம் எழுதியாகிவிட்டது. அந்தக் கருவிகள் சிறு விமானங்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும்.

அலையைத் திட்டமிட்டுக் குழப்புகிறவர்களுக்கு இவை எதனிலும் மருந்தில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஜி.பி.எஸ். இடையூறு காரணமாகப் பின்லாந்தின் விமான நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கு ஒரு மாதம் பறக்காமல் இருந்தது, ஏனெனில் அங்கே செயற்கைக்கோளைச் சாராத இறங்குமுறை அப்போது இல்லை. கட்டுநாயக்கவின் ஐ.எல்.எஸ்.ஸை யாராவது பழையது என்று கழற்றப் போனால் நான் மறியலில் உட்காருவேன். என் ஆசை, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஒன்று வேண்டும் என்பதே.

இப்போது சீனன்குடாவில் மேகம் தாழ்ந்தால் கண்பார்வையை நம்பி வரும் சிறு விமானத்துக்கு வழியில்லை. கட்டுப்பாட்டு வலயத்துக்குள் கண்பார்வை விதிப்படி இறங்க மேக அடி 1,500 அடியாவது இருக்க வேண்டும், 5 கிலோமீற்றர் தெரிய வேண்டும். எல்.பி.வி. இருந்தால், தடைகள் அனுமதித்தால், 250 அடி வரை வந்து பார்க்கலாம். கட்டுநாயக்கவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வருகிற விமானம் திரும்பிப் போனால் மிச்சம் தரைவழியில் ஆறு மணி நேரம். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு நாள் வீண். அவசர நோயாளிக்கு அப்படி இல்லை.

எந்த முனைக்கு முதலில் என்பதில் மட்டும் எனக்கும் மருமகனுக்கும் தகராறு. ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காகக் கிடக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் விமானம் கடலிலிருந்து நகரத்துக்கும் உட்துறைமுகத்துக்கும் மேலாக வந்து 24ஆம் முனையில் இறங்கும். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக்காலத்தில் தம்பலகாமம் பக்கமிருந்து வந்து 06ஆம் முனையில் இறங்கும். அவன் 24 என்றான், ஆண்டின் பாதிக்கும் மேல் பயணிகள் அந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள் என்பதால். நான் 06 என்றேன். கச்சான் காலத்தில் வானம் வெளித்துக் கிடக்கும். கருவி யாருக்கு வேண்டும்? மழையும் தாழ்ந்த மேகமும் நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையோடுதான் வருகின்றன. அதோடு 24இன் பாதையில் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களின் உயர்ந்த கம்பங்களும் பாரந்தூக்கிகளும் இருக்கின்றன. இன்று இருக்கும், நாளை நகரும் தடையை எந்த வரைபடத்தில் குறிப்பது? அந்தப் பக்கம் முடிவெடுக்கும் உயரம் கூடத்தான் செய்யும். 06இன் பாதை ஆழமில்லாத குடாவின் மேல், தடையில்லாமல் வருகிறது.

கடைசியில் அவன் ஒத்துக்கொண்டான், ஒரு புதுச் சிக்கலைக் கொடுத்துவிட்டு. 250 அடியில் விமானம் ஓடுபாதை முனைக்குச் சுமார் 1.2 கிலோமீற்றர் முன்னால் இருக்கும். அந்த மழையில் விமானியின் கண்ணுக்கு முதலில் படவேண்டியவை ஓடுபாதைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் வழிகாட்டு விளக்குகள். 06க்கு முன்னால் இருப்பது குடா. அப்படியானால் விளக்குக் கம்பங்களைத் தண்ணீருக்குள் நட வேண்டும். அதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டான். அதிகாரசபைக்குப் போவதற்கு முன் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் மீன்பிடிச் சங்கக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றேன். தட்டைச் சிப்பி மூழ்கி எடுக்கும் இடமும் இறால் வலை போடும் இடமும் எவை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.